மணி அடித்தும் எழாதவள்

அய்யா உண்டு

சுசீந்திரம்
21-4-2025

சத்தியபாய் அவர்களுக்கு,

இது நலம் விசாரித்து எழுதும் கடிதம் அல்ல. நான் நாராயணபெருமாள், சுபிதாவின் அப்பா. நீங்கள் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றுவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனதாக என் மனைவி அன்னக்கிளி சொன்னாள். இனி வர வேண்டாம். போனும் செய்ய வேண்டாம். உங்கள் பெயரைப் போனில் பார்த்தாலே அதைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். கடையில் உரம் வாங்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மூட்டையை எடுக்காமலே போகிறார்கள்.

சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுங்கள். கடிதமென்றால் எனக்குத் தோன்றும்போது படிப்பேன், தோன்றாவிட்டால் அடுப்பில் போடுவேன்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு சிதறால் மலைக்குப் போனீர்கள். புத்தர் பேச்சு, தியானம் என்று பாறையில் உட்கார வைத்தீர்கள். மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து கஞ்சி குடிக்கப் போனார்களாம். என் மகள் மட்டும் எழவில்லையாம். கூடப் படித்த பிள்ளைகள் வந்து அழுதுகொண்டே சொன்னார்கள். அவள் எழாததை நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா? சுற்றி வளைக்காமல் இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

நாராயணபெருமாள்

*

நாகர்கோவில்
26-4-2025

திரு. நாராயணபெருமாள் அவர்களுக்கு,

பார்த்தேன். நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். மீதியைப் படிப்பதும் அடுப்பில் போடுவதும் உங்கள் விருப்பம்.

நான் தத்துவத் துறையில் ஒப்பந்த ஆசிரியை. சனிக்கிழமைகளில் மாணவர்களுக்குப் புத்தர் சொன்னதைப் பற்றி ஒரு பேச்சும், அதன் பிறகு தியானமும் நடத்திவந்தேன். கிறிஸ்தவ வேதக்கார வீட்டில் பிறந்தவளுக்கு இது எதற்கு என்று என் அம்மாவே கேட்பாள். யாரையும் எந்த மதத்துக்கும் இழுப்பதற்காக அல்ல. பரீட்சைக்கும் வேலைக்கும் பயந்து கிடக்கிற பிள்ளைகள் கொஞ்ச நேரம் நிம்மதியாக மூச்சு விடட்டும் என்றுதான் தொடங்கினேன். சுபிதா ஒரு சனிக்கிழமையும் தவறியதில்லை. கடைசி வரிசையில் சுவரோரம் உட்காருவாள். ஒரு நாள் பேச்சு முடிந்ததும் என்னிடம் வந்து, "டீச்சர், நம்ம உடம்பு நம்ம சொல்லு கேக்கலைன்னா, அது நம்மது இல்லன்னு வச்சுக்கிடலாமா?" என்று கேட்டாள். அதை நான் தத்துவக் கேள்வி என்று எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் அதையே தலைப்பாக வைத்துப் பேசினேன்.

சிதறாலுக்குப் போன அன்று வண்டி தாமதமாக வந்தது. வெயில் ஏறுவதற்குள் அமர்ந்துவிடலாம், காலைக் கஞ்சியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது நான். யாரும் மறுத்துப் பேசவில்லை, சுபிதாவும் பேசவில்லை. பாறை நிழலில் அமர்ந்தோம். பைகளைப் படிக்கட்டுப் பக்கம் வைத்துவிட்டோம். மணி அடிக்கும்வரை கண் திறப்பதில்லை, கை கால் அசைப்பதில்லை, பேசுவதில்லை என்று எல்லோரும் உறுதி எடுத்துக்கொண்டோம்.

மணி அடித்தேன். எல்லோரும் எழுந்தார்கள். சுபிதா பாறையில் முதுகைச் சாய்த்துச் சம்மணமிட்டு அப்படியே இருந்தாள். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மணிக்குப் பிறகும் ஒருவர் அமர்ந்திருந்தால் அவரைத் தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது. அப்படி அமர்வது லேசில் கிட்டாது என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். எட்சன் என்ற மாணவன் என் பக்கத்தில் வந்து, "மேடம், அவளுக்கு நல்லா வேர்க்கு. விளிக்கட்டா?" என்றான். "விடு மக்கா, ஆழ்ந்து இருக்கா" என்றேன். மற்றப் பிள்ளைகளுக்கும் அவளைக் காட்டினேன். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கஞ்சி குடித்துப் பாத்திரமும் கழுவிய பிறகுதான் அவள் பக்கவாட்டில் சரிந்தாள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். எட்சனும் இன்னும் நாலு பேரும் அவளைப் படிக்கட்டு வழியே தூக்கி வந்தார்கள். ஜீப் வர நேரமானது. ஆஸ்பத்திரியில் அவள் கண் திறக்கவே இல்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. அதனால்தான் கேட்டுக்கு வெளியே நின்றேன்.

சத்தியபாய்

*

அய்யா உண்டு

சுசீந்திரம்
5-5-2025

சத்தியபாய் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. அன்னக்கிளிக்கு வாசித்துக் காட்டினேன். 'பெருமையாக இருந்தது' என்ற இடம் வந்ததும் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, நாங்கள் அய்யாவழிக்காரர்கள். எங்களில் செத்தவர்களை எரிப்பதில்லை, படுக்க வைத்துப் புதைப்பதும் இல்லை. சம்மணமிட்டு, வடக்கே பார்க்க உட்கார வைத்து, நெற்றியில் நாமமிட்டு மண் போடுவோம். குழிக்குள் இறங்கி அவள் காலை மடக்கியது நான். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "அழப்பிடாது. பிள்ளை தவசு இருக்கா" என்றார். எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. நீங்கள் உட்கார வைத்த மாதிரியே நானும் உட்கார வைத்தேன். நீங்கள் பார்த்துக்கொண்டே கஞ்சி குடித்தீர்கள், நான் பார்த்துக்கொண்டே மண்ணைப் போட்டேன்.

உடம்பு நீயல்ல என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களாமே. அப்படியானால் நான் எதைப் புதைத்தேன்?

அது போகட்டும். இப்போது வேறொரு காரியத்துக்காக எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் உங்கள்மேல் விசாரணைக் கமிட்டி வைத்திருக்கிறார்கள், உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று அறிந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். சர்க்கரை இறங்கி மூளைக்கு ஏறவில்லை என்றார். ஆமாம், சுபிதாவுக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சர்க்கரை. தினமும் ஊசி. இங்கே யாருக்கும் தெரியக்கூடாது என்று திருவனந்தபுரத்தில் வைத்துப் பார்த்தோம். மருந்தை ஃப்ரிட்ஜில் கத்திரிக்காய்க்கு அடியில் ஒரு சோப்பு டப்பாவில் வைத்திருப்பாள் அன்னக்கிளி. ஊசி விஷயமெல்லாம் அம்மாவும் மகளும்தான் பார்த்துக்கொள்வார்கள், நான் அதில் தலையிடுவதில்லை. சொந்தக்காரர் யாருக்கும் தெரியாது. பெண்பிள்ளைக்குச் சீக்கு என்று ஒரு சொல் வெளியே போனால் போதும், ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

இளையவள் நந்தனாவுக்கு ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது. அக்காவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் தங்கச்சிக்கும் வரும் என்பார்கள். கமிட்டியில் சர்க்கரை என்ற பேச்சே வரக்கூடாது. ஆஸ்பத்திரிக் காகிதம் எதையும் நான் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. வெயில் தாக்கியது என்றே இருக்கட்டும். ஒருத்தியை உங்களிடம் விட்டுக்கொடுத்தேன். மற்றவளையாவது விடுங்கள்.

நாராயணபெருமாள்

*

நாகர்கோவில்
9-5-2025

திரு. நாராயணபெருமாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் உடனே பதில் எழுதக்கூடாது, கோபம் ஆறட்டும் என்று எடுத்து வைத்தேன். ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பங்கை முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டேன். உங்கள் பங்கைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மகளைப் பறிகொடுத்தவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். உங்களுக்கு அது ஞாபகம் இருக்கும், ராத்திரி படுக்கும்போது காதில் கேட்கும் என்று நினைத்தேன். நீங்களோ வெயில் தாக்கியது என்று எழுதச் சொல்கிறீர்கள்.

அவள் சரிந்து விழுந்ததும் மலையிலிருந்தே உங்களுக்குப் போன் செய்தேன். "அண்ணாச்சி, சுபிதா மயங்கிட்டா. அவளுக்கு ஏதாவது சீக்கு உண்டா? மருந்து ஏதும் எடுக்காளா?" என்று கேட்டேன். உங்கள் வீட்டில் டம்ளர் சத்தமும் யாரோ சிரிப்பதும் எனக்குக் கேட்டது.  பிறகு, "ஒண்ணும் கிடையாதம்மா. எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் ஒரு சீக்கும் கிடையாது. வெயிலு கொண்டிருக்கும். கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றீர்கள். எனக்கு மட்டும் சொல்வதாக இருந்தால் அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

தண்ணீர் கொடுத்தோம். அப்போது அவளுக்கு நினைவு முழுசாகப் போகவில்லை. கண் பாதி திறந்திருந்தது, ஊட்டிய தண்ணீரை விழுங்கினாள். பக்கத்தில் ஒரு தூக்குவாளி நிறையப் பானக்காரம் இருந்தது. கருப்பட்டி போட்டு, சுக்கும் எலுமிச்சையும் சேர்த்து, பிள்ளைகளே கலக்கிக் கொண்டுவந்தது. எட்சன் அதில் ஒரு டம்ளர் கோரி எடுத்தான். "வேண்டாம், வெறும் தண்ணி போதும், அவ அப்பாவே சொல்லிட்டாவ" என்று நான்தான் தடுத்தேன். காலையில் ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள், அந்த நேரத்தில் இனிப்பு ஏதாவது உள்ளே போயிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் என்னிடம் பிறகு சொன்னார். அவள் பையில் மிட்டாய் இருந்ததாம். எங்கள் உறுதிமொழியை மீறி எழுந்து போய் எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தனக்குச் சீக்கு இருக்கிறது என்று சொல்லவும் வாய் வரவில்லை. முதலாவதை நான் பழக்கினேன். இரண்டாவதைப் பழக்கியது யார்?

கமிட்டியில் என்ன சொல்வேன் என்று எனக்கு இன்னும் தெரியாது. உண்மையைச் சொன்னால் என் வேலை தப்பலாம். பிள்ளைகளை வெயிலில் பட்டினி போட்டுக் கொன்றவள் என்ற பெயரும் கொஞ்சம் குறையலாம். உங்களுக்குச் சத்தியம் எதுவும் செய்து தர மாட்டேன்.

சத்தியபாய்

*

அய்யா உண்டு

சுசீந்திரம்
14-5-2025

டீச்சர் அவர்களுக்கு,

அன்றைக்கு வீட்டில் ஆள் இருந்தது.

பூதப்பாண்டியிலிருந்து வந்திருந்தார்கள். சுபிதாவுக்குக் கல்யாணம் பேசத்தான் வந்தார்கள். பையன் துபாயில் என்ஜினியர். தாய்மாமனும் பெரியவர்களும் சோபாவில் இருக்கிறார்கள், நான் அவர்கள் முன்னால் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். நீங்கள் கேட்ட கேள்வி அவர்களுக்கும் கேட்டிருக்குமோ என்று எனக்கு ஒரு பயம். வாயில் வந்ததைச் சொன்னேன். பிள்ளை இப்படிப் போய்விடும் என்று யாருக்குத் தெரியும்? தியானம், காலேஜ் என்றால் பிள்ளைகள் மயங்கி விழுவது சகஜம்தானே என்று நினைத்தேன்.

அந்த வீட்டார்தான் இப்போது நந்தனாவைக் கேட்டிருக்கிறார்கள். அடக்கத்துக்கு வந்தவர்கள், இளையவளைப் பார்த்துவிட்டுப் போய், பத்து நாள் கழிந்து சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் சாவு விழுந்தால் வருஷத்துக்குள் ஒரு நல்லது நடக்க வேண்டும் என்று அன்னக்கிளியின் அண்ணனும் சொன்னான். நீங்கள் வாய் திறந்தால் இதுவும் போகும். அப்புறம் அவளை யார் கேட்பார்கள்?

உங்களைப் பற்றி நான் எழுதியதெல்லாம் வயிற்றெரிச்சலில் எழுதியது. கையெடுத்துக் கும்பிடுகிறேன். நான் யாரையும் கும்பிட்டு நின்றவன் இல்லை.

நாராயணபெருமாள்

*

நாகர்கோவில்
3-6-2025

திரு. நாராயணபெருமாள் அவர்களுக்கு,

விசாரணை முடிந்தது. நீங்கள் பயந்தது நடக்கவில்லை.

"அந்த மாணவிக்கு உடல்நலக் குறைவு ஏதாவது இருந்தது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்கள். "அன்றைக்குத் தெரியாது" என்றேன். "பிறகு?" என்று ஒருவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. யாரும் கேட்கவில்லை. காலை உணவைத் தள்ளிப்போட்டது யார், மணி அடித்த பிறகு எழாத பெண்ணை ஏன் எழுப்பவில்லை என்று மட்டும் கேட்டார்கள். எட்சன் நடந்ததை நடந்தபடியே சொன்னான். "விடு மக்கா" என்று நான் சொன்னதையும் சொன்னான். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவன் ஒருவன்தான் அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தவன்.

என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குள் இனித் தியானமோ பேச்சோ எதுவும் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். நாங்கள் அமர்ந்த அறையில் பழைய பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகளின் பாய்களை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். சுபிதாவின் பாயின் ஓரத்தில் அவள் பெயரை நூலால் தைத்திருக்கிறாள். அதை உங்களுக்கு அனுப்பலாமா கூடாதா என்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

உங்கள் கும்பிடுக்காக நான் வாயை மூடவில்லை. நந்தனாவுக்காக மூடினேன். அந்தப் பிள்ளையை நான் பார்த்தது ஆஸ்பத்திரி வராந்தாவில் மட்டும்தான். அக்காவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் ஒரு கேடு என்னால் வர வேண்டாம் என்று நினைத்தேன். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாகவே இல்லை. இத்தனை வருடம் பழகியது அதைத்தானே. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

திருவட்டாறில் அம்மா வீட்டுக்குப் போகிறேன். இனி நீங்கள் எழுத வேண்டியது எதுவும் இல்லை.

சத்தியபாய்

*

அய்யா உண்டு

சுசீந்திரம்
4-8-2025

அன்புள்ள டீச்சருக்கு,

விலாசத்தைச் சுபிதாவின் சிநேகிதப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கினேன். நந்தனாவுக்கு ஆவணி கடைசியில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. இதோடு பத்திரிகை வைத்திருக்கிறேன். முறைக்கு வைக்கிறேன். நீங்கள் வந்தால் ஆட்கள் பழையதைப் பேசுவார்கள், அதனால் வர வேண்டாம். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் செய்த உதவியை இந்தக் குடும்பம் மறக்காது. எங்கள் வயலில் விளைந்த அரிசி ஒரு மூட்டை பஸ்ஸில் போட்டிருக்கிறேன், திருவட்டாறில் இறக்கித் தருவார்கள். அன்னக்கிளி இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறாள். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மாதிரி. பாயை அனுப்ப வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும்.

நாராயணபெருமாள்

*

திருவட்டாறு
22-8-2025

நாராயணபெருமாள் அண்ணாச்சிக்கு,

அரிசி மூட்டையைப் பிரிக்காமல் அதே பஸ்ஸில் திருப்பிப் போட்டிருக்கிறேன். அதை இங்கே யாராலும் சாப்பிட முடியாது.

நேற்று நந்தனா வந்தாள். கல்யாணத்துக்குச் சிநேகிதிகளை அழைக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பஸ் பிடித்துத் தனியாக வந்திருக்கிறாள். அக்காவின் பாயைப் பார்க்க வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுத்தேன். தைத்திருந்த பெயரைத் தடவிக்கொண்டே இருந்தவள், "டீச்சர், அக்கா விழுந்ததும் அப்பாவுக்குப் போன் பண்ணினியளே, அப்பா என்ன சொன்னாவ?" என்று கேட்டாள். "உங்க அப்பாட்ட கேளு மக்கா" என்றேன். "கேட்டேன். வெயிலுன்னாவ" என்றாள்.

அம்மா காப்பி போடப் போயிருந்தாள். நந்தனா பேசிக்கொண்டிருந்தபோது பாதியில் வார்த்தை குழறியது. மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ஃபேனுக்கு நேர் கீழேதான் இருந்தாள். அண்ணாச்சி, இந்த முறை நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அடுக்களைக்கு ஓடிப்போய்ச் சீனி டப்பாவைத் தூக்கி வந்து அவள் வாயில் அள்ளிப் போட்டேன். சீனி தாவணியெல்லாம் சிந்தியது. கொஞ்ச நேரத்தில் தெளிந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பிறகு எல்லாம் சொன்னாள். அக்கா இறந்த மாதமே இவளுக்கும் தண்ணீர் தாகம், எடைக் குறைவு. திருவனந்தபுரத்தில் சோதித்ததில் இவளுக்கும் அதே சீக்கு. அதே சோப்பு டப்பா, அதே கத்திரிக்காய். நான் கமிட்டி முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்ற அன்றைக்கே உங்களுக்கு இது தெரியும். அவளைக் காப்பாற்றுகிறோம் என்று நான் நினைத்தேன், நீங்கள் அவளை அக்கா இருந்த இடத்திலேயே கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

"வெளிய சொல்லப்பிடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கிட்டாவ. அங்க போனா மருந்த ஃப்ரிட்ஜ்ல எங்க வைக்கதுன்னுதான் தெரியல டீச்சர். அவங்க வீட்டுல காய்கறிய அன்னன்னைக்கு வாங்குவாவளாம்" என்றாள். இருபது வயதுப் பெண் கல்யாணத்துக்கு முன்னால் யோசிக்கிற யோசனை இது. அவளை நான் பஸ் ஏற்றிவிட்டு வந்து, ராத்திரி முழுவதும் உட்கார்ந்திருந்தேன். தியானம் ஒன்றும் இல்லை, சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

இனி நான் பேசாமல் இருக்கப்போவதில்லை. ஒரு பிள்ளையை வேர்க்க விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது போதும். அந்த வீட்டுக்குப் போய் அவள் ஒரு நாள் மயங்கி விழுவாள். "இவளுக்கு ஏதாவது சீக்கு உண்டா?" என்று உங்களுக்குத்தான் போன் வரும். அப்போதும் உங்கள் வீட்டில் ஆள் இருக்கும்.

அதனால் இப்போதே கேட்கிறேன். மலையில் நின்று கேட்ட அதே கேள்விதான். அண்ணாச்சி, உங்கள் மகளுக்கு ஏதாவது சீக்கு உண்டா?

மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லிவிட்டு எனக்குப் பதில் எழுதுங்கள். கல்யாணத்துக்குள் உங்கள் பதில் வராவிட்டால் நான் மண்டபத்துக்கு வருவேன். கூட்டத்தில் நின்று பேசி எனக்குப் பழக்கம் உண்டு.

சத்தியபாய்

*

அய்யா உண்டு

சுசீந்திரம்
27-8-2025

டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோதும் வீட்டில் ஆள் இருந்தது. பூதப்பாண்டிக்காரர்கள் கல்யாணப் பட்டு எடுத்துவிட்டு, காட்டுவதற்காக வந்திருந்தார்கள். தபால்காரர் கடிதத்தை என் கையில் தந்தார். "யாரு கடிதாசி?" என்று பையனின் மாமா கேட்டார். "உரக் கம்பெனிக்காரன்" என்று சொல்லிவிட்டு, கொல்லைப்பக்கம் போய்ப் படித்தேன்.

படித்துவிட்டு அங்கேயே நின்றேன். முதலில் உங்கள்மேல் கோபம்தான் வந்தது. மண்டபத்துக்கு வந்து பார்க்கட்டும், வாசலிலேயே காலை உடைக்கிறேன் என்று நினைத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தால் நந்தனாமேல் பட்டுச்சேலையை விரித்துப் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். மேலுதட்டைத்தான் பார்த்தேன். வேர்த்திருக்கிறதா இல்லையா என்று அத்தனை தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றேன் பாருங்கள், அது எனக்குப் போதும்.

முன்னறைக்குப் போய்ச் சொன்னேன். நீங்கள் கேட்டதற்குப் பதிலை அங்கே வைத்தே, சத்தமாகத்தான் சொன்னேன். உண்டு. இவளுக்கு உண்டு, மூத்தவளுக்கும் இருந்தது. அன்றைக்கு மலையிலிருந்து போன் வந்தபோது உங்கள் முன்னால் வைத்து இல்லை, தண்ணீர் கொடுங்கள் என்று சொன்னேன், நீங்கள் சிரித்துக்கொண்டு காப்பி குடித்தீர்கள் என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம், அவர்கள் என்ன செய்வார்கள்? நந்தனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி குடுங்கன்னா சொன்னிய?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

அவர்கள் பட்டுச்சேலையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். சொல்ல மாட்டார்கள். பொழுது இருட்டுவதற்குள் விஷயம் தேரடி வரைக்கும் போய்விட்டது. அச்சடித்த பத்திரிகையெல்லாம் அலமாரியில் கிடக்கிறது. அன்னக்கிளி அந்தச் சோப்பு டப்பாவை எடுத்து, ஃப்ரிட்ஜில் பால் வைக்கிற தட்டில், திறந்ததும் தெரிகிற மாதிரி வைத்தாள். "இனி யாருக்கு மறைக்க?" என்றாள்.

ராத்திரி நந்தனா முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டாள். பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினேன். பிறகு திரும்பிப் பார்த்தேன். ஊசியை எடுத்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "போட்டா உடனே சாப்பிடணும், அம்மா சோறு வை" என்றாள். நான் எழுந்து போய்த் தட்டை எடுத்து வந்து வைத்தேன். சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே இருந்தேன்.

மூத்தவள் ஊசி போட்டுக்கொண்டதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, டீச்சர். போட்ட பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டதும் இல்லை.

அவளுடைய பாயை அனுப்பி வையுங்கள்.

நாராயணபெருமாள்